கொடையுறுப்பின் வழியே கடக்கும் பாக்டீரியாத் தொற்று: இரு கடிகாரங்களுக்கு இடைப்பட்ட சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

மூளைச்சாவு அடைந்த கொடையாளரிடமிருந்து பெறப்படும் உறுப்பின் வழியே பாக்டீரியா பெறுநரைச் சென்றடைவது அரிதாக நிகழ்வது. நிகழ்ந்தால் உறுப்பையோ உயிரையோ பறிக்கக்கூடியது. கொடையாளரின் உடலில் பாக்டீரியா இருப்பது மட்டுமே பெறுநரின் நிலையைத் தீர்மானிப்பதில்லை. அது எந்தப் பாக்டீரியா, எவ்விடத்தில் இருந்தது, எம்மருந்துக்குக் கட்டுப்படும் என்னும் செய்தி உரிய காலத்தில் பெறுநரின் மருத்துவரைச் சென்றடைந்ததா என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. இக்கட்டுரை இக்கருத்தை வெளியான ஆய்வுகளின் துணையுடன் விளக்கி, மருந்தெதிர்ப்புப் பாக்டீரியா மிகுந்த இந்தியச் சூழலில் அதன் பொருளை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உறுப்பு மாற்று, மூளைச்சாவு, கொடையாளர்வழித் தொற்று, குடியேற்றம், மருந்தெதிர்ப்பு, வளர்ப்புச் சோதனை.

முன்னுரை

உறுப்பு மாற்றுச் சிகிச்சையைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை இரண்டு பொருள்களைச் சுற்றி அமைகின்றன. ஒன்று, கொடையின் மேன்மை. மற்றொன்று, பெறுநரின் உடல் புதிய உறுப்பை ஏற்க மறுக்கும் நிலை. கொடையாளரின் உடலில் இருந்த நுண்ணுயிரி உறுப்போடு சேர்ந்து வருவது பற்றிய விளக்கம் அரிதாகவே காணப்படுகிறது. உறுப்பு என்பது உயிருள்ள திசு. அதன் குருதிக்குழாய்களில், காற்றறைகளில், அது மிதந்து வரும் காப்புத் திரவத்தில் பாக்டீரியா தங்கிவர இயலும். அவ்வாறு வருவது, தடுப்பாற்றல் வேண்டுமென்றே குறைக்கப்பட்ட ஓர் உடலுக்குள் நுழைகிறது. மாற்று உறுப்பு நிலைக்க வேண்டுமாயின் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனலேட், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் தேவை. அம்மருந்துகளே உடலின் காவலையும் தளர்த்துகின்றன.

அமெரிக்காவில் கொடையாளர்வழி நோய்ப் பரவல் ஐயங்களைத் தனிக் குழு ஒன்று ஆராய்ந்து பதிவு செய்கிறது. அங்குள்ள பதிவுகளின்படி, பாக்டீரியா, வைரசு, பூஞ்சை, ஒட்டுண்ணி, புற்றுநோய் ஆகிய அனைத்தையும் சேர்த்தாலும் உறுதியாகவோ பெரும்பாலும் உறுதியாகவோ கொடையாளரிடமிருந்து வந்த நோய் பெறுநர்களில் 1 சதவீதத்திற்கும் குறைவானவர்களையே தாக்குகிறது. ஆகவே இக்கட்டுரை கொடையின் மீது ஐயம் எழுப்ப முற்படவில்லை. உறுப்புக்காகக் காத்திருப்போருள் பலர் உறுப்பு கிடைக்காமலே இறக்கின்றனர் என்பதையும், ஐயத்தின் பேரில் கைவிடப்படும் ஒவ்வொரு நல்ல உறுப்பும் அப்பட்டியலில் ஒருவரைப் பாதிக்கிறது என்பதையும் மறந்து இப்பொருளைப் பேச இயலாது.

சொல் பற்றிய ஒரு தெளிவு

மருத்துவமனைப் பேச்சில் ‘கிருமி இருக்கிறது’ என்னும் ஒரே தொடர் இரண்டு வெவ்வேறு நிலைகளைக் குறிக்கப் பயன்படுகிறது. பாக்டீரியா உடலின் ஒரு பகுதியில் கேடு விளைவிக்காமல் தங்கியிருப்பது ஒரு நிலை. அதனை இங்குக் ‘குடியேற்றம்’ என்கிறோம். திசுவுக்குள் ஊடுருவி நோயை உண்டாக்குவது மற்றொரு நிலை; அதுவே ‘தொற்று’. கொடையாளரின் மூச்சுக்குழாய்ச் சளியில் கிளெப்சியெல்லா வளர்ந்தது என்றால் அது குடியேற்றமாக இருக்கலாம், நுரையீரல் அழற்சியாகவும் இருக்கலாம். கல்லீரல் பெறுபவருக்கு இவ்விரண்டுமே, குருதியில் பாக்டீரியா பரவாதவரை, பெரிய இடரல்ல. நுரையீரல் பெறுபவருக்கோ வெறும் குடியேற்றமும் கவலைக்குரியது. அந்தச் சளி இருந்த குழாயே அவருடைய மார்புக்குள் தைக்கப்படுகிறது. அவ்வாறே சிறுநீரில் வளர்ந்த பாக்டீரியா சிறுநீரகம் பெறுபவரின் சிக்கல். இதயம் பெறுபவரை அது பெரும்பாலும் தொடுவதில்லை.

இந்த வேறுபாட்டைச் சொல்லாட்சியில் காக்காவிட்டால் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. தேவையற்ற அச்சத்தால் உறுப்பு கைவிடப்படுகிறது. அல்லது ‘எல்லாக் கொடையாளரிடமும் ஏதாவது கிருமி இருக்கத்தான் செய்யும்’ என்னும் அலட்சியத்தால் உண்மையான இடர் கவனியாது விடப்படுகிறது. இரண்டாவது பிழையே கொடியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பாக்டீரியா கொடையாளரை அடையும் வழிகள்

மூளைச்சாவு அடைவோருள் பலர் சாலை விபத்தில் தலைக்காயம் பட்டவர்கள் அல்லது மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டவர்கள். நினைவிழந்த நிலையில் வாந்தியும் உமிழ்நீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகின்றன. மருத்துவமனையை அடைந்ததும் மூச்சுக்குழாயில் குழாய் செருகப்படுகிறது. செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்படுகிறது. சிறுநீர் வடிகுழாயும் பெருஞ்சிரை ஊசிக்குழாயும் இடப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் உயிர்காக்கும் கருவி. ஒவ்வொன்றும் பாக்டீரியாவுக்கு ஒரு வாயில். தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும் ஒவ்வொரு நாளும் அங்குப் புழங்கும் பாக்டீரியா நோயாளியிடம் குடியேறும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வீட்டிலிருந்து வந்த பாக்டீரியாவைவிட மருத்துவமனையில் பெற்ற பாக்டீரியாவே மருந்துக்கு அடங்காதது.

இத்துடன், தொற்றின் வழக்கமான அடையாளங்கள் மூளைச்சாவில் மறைந்துவிடுகின்றன. உடல்வெப்பத்தை நிலைநிறுத்தும் மையம் மூளையின் அடிப்பகுதியில் உள்ளது. மூளைச்சாவு அடைந்தவரின் உடல் சூழலின் வெப்பத்திற்கேற்பக் குளிர்கிறது; போர்வையும் வெப்பக்கருவியும் கொண்டே அதனைக் காக்க வேண்டியுள்ளது. ஆகவே தொற்று இருந்தும் காய்ச்சல் எழாமல் போகலாம். வெள்ளணுக்களின் எண்ணிக்கை காயத்தாலும் ஸ்டீராய்டாலும் முன்னரே உயர்ந்திருக்கும். குருதியழுத்தம் குறைந்தால் அதற்கு மூளைச்சாவே போதிய காரணமாகத் தோன்றும். படுக்கையருகே நிற்கும் மருத்துவர் எத்துணைத் திறமுடையவராயினும், கண்ணால் காண்பதைக் கொண்டு ‘தொற்று இல்லை’ என்று கூற முடியாத உடல் அது.

உறுப்பை எடுக்கும் அறுவையின்போதும் பாக்டீரியா சேரலாம். குடலில் சிறு துளை விழுந்தால் காப்புத் திரவம் மாசுபடும். ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் உறுப்பு குளிர்விக்கப்படும்போது பாக்டீரியாவின் பெருக்கம் மந்தமாகிறதே தவிர அது அழிவதில்லை. எனினும் காப்புத் திரவத்தில் வளரும் பாக்டீரியாவுள் பெரும்பாலானவை தோலிலிருந்து வந்த எளிய வகைகள். அவற்றால் நோய் உண்டாவது குறைவு. அதே திரவத்தில் சூடோமோனாசு வளர்ந்தால் நிலைமை வேறு.

இரு கடிகாரங்கள்

இப்பொருளின் மையச் சிக்கல் காலம். உடலிலிருந்து பிரிக்கப்பட்ட இதயம் பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்குள் பெறுநரின் உடலில் துடிக்க வேண்டும். நுரையீரலுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலான நேரம் கிடைக்கும். கல்லீரலுக்கு ஏறத்தாழ அரைநாள். சிறுநீரகம் ஒருநாள் அளவும் அதற்கு மேலும் தாங்கும். இது உறுப்பின் கடிகாரம்.

ஆய்வகத்தின் கடிகாரம் வேறு. குருதியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டால், பாக்டீரியா இருப்பின் அது பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் தென்படும். அதன் இனத்தை அறியவும், எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டறியவும் மேலும் ஓரிரு நாள்கள் ஆகும். ‘எதுவும் வளரவில்லை’ என்று இறுதியாகக் கூற வழக்கமாக 5 நாள்கள் காத்திருப்பர். எனவே, உறுப்பை எடுக்கும் நாளில் கொடையாளரிடம் எடுக்கப்பட்ட குருதியின் முடிவு வரும்போது அவ்வுறுப்பு ஏற்கெனவே மற்றொருவரின் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும். மருத்துவர் முடிவெடுக்கும் கணத்தில் அவர் கையில் இருப்பது ஒரு முழுமையற்ற அறிக்கையே.

ஆனால் முழுமையற்ற அறிக்கையோடு உறுப்பைப் பொருத்துவதே தவறு என்று இதிலிருந்து முடிவு செய்தல் கூடாது. சான்றுகள் அதற்கு மாறாக உள்ளன.

பாக்டீரியா இருந்தும் தொற்று கடக்காத நிகழ்வுகள்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி உறுப்புக் கொடைப் பதிவுகளைக் கொண்டு 1999இல் வெளியான ஆய்வில், குருதியில் பாக்டீரியா இருந்த 95 கொடையாளர்களிடமிருந்து உறுப்புப் பெற்ற 212 பேர் ஆராயப்பட்டனர். கொடையாளரின் பாக்டீரியா அவர்களுள் ஒருவருக்கும் கடந்ததாகக் காணப்படவில்லை. ஸ்பெயினில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில் 569 கொடையாளர்களுள் 29 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு, கொடையின்போது அறியப்படாத பாக்டீரியா குருதியில் இருந்தது பின்னர்த் தெரியவந்தது. அங்கும் பெறுநர்களுக்குத் தொற்று கடக்கவில்லை. இரண்டிலும் பெறுநர்கள் அறுவையை ஒட்டி நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து பெற்றிருந்தனர். அக்காலப் பாக்டீரியா அம்மருந்துகளுக்கு அடங்கின.

இன்னும் வியப்பளிப்பது மூளைக்காய்ச்சல் தொடர்பான அனுபவம். பாக்டீரியா மூளையுறை அழற்சியால் இறந்த ஒருவரின் உறுப்பை ஏற்கலாமா என்று கேட்டால் இயல்பாகவே ‘கூடாது’ என்று தோன்றும். பார்சிலோனாவில் 5 கொடையாளர்களிடமிருந்து 16 பேருக்கு அவ்வாறு உறுப்புகள் பொருத்தப்பட்டு, தொற்று கடக்கவில்லை என்னும் அறிக்கை 1997இல் வெளியானது. நெய்சீரியா, நியூமோகாக்கசு போன்ற பாக்டீரியா இனங்காணப்பட்டு, கொடையாளருக்கு உரிய மருந்து கொடுக்கப்பட்டு, பெறுநருக்கும் அது தொடரப்பட்டதே காரணம். இன்று பல நாட்டு வழிகாட்டு நெறிகள், கொடையாளருக்குக் குறைந்தது 24 முதல் 48 மணி நேரம் பயன்தரும் மருந்து கொடுக்கப்பட்டு அதற்கு உடல் இணங்கியிருக்க வேண்டும் என்றும், பெறுநருக்கு 7 முதல் 14 நாள்கள் அம்மருந்தைத் தொடர வேண்டும் என்றும் பரிந்துரைக்கின்றன. காரணம் தெரியாத மூளை அழற்சியால் இறந்தவரின் உறுப்பைத் தவிர்க்கச் சொல்வதும் இதே நெறிகள்தாம். பெயர் தெரிந்த பாக்டீரியாவோடு போராட முடியும்; பெயர் தெரியாததோடு முடியாது.

பாக்டீரியா அனைத்தும் ஒரு தன்மையன அல்ல என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கசு ஆரியசு, சூடோமோனாசு ஆகியவை குருதிக்குழாயின் தையலில் தங்கும் இயல்பின. சிறுநீரகத்தின் தமனி பெறுநரின் தமனியோடு இணைக்கப்பட்ட இடத்தில் அவை குடிகொண்டால் குழாயின் சுவர் சிதைந்து பலூனைப் போல் உப்புகிறது. அறுவைக்குப் பின் நன்றாகத் தேறிவந்த நோயாளிக்குத் திடீரெனப் பெருங்குருதிப்போக்கு நேர்வது இதனால்தான். உயிரைக் காக்கப் புதிய சிறுநீரகத்தை அகற்ற வேண்டிவரலாம். வருடக்கணக்கில் காத்திருந்து பெற்றதைச் சில வாரங்களில் இழந்து மீண்டும் டயாலிசிசுக்குத் திரும்பும் நிலை அது.

பலெர்மோவின் பாடம்

முற்குறிப்பிட்ட ஆய்வுகள் மருந்துக்கு அடங்கிய பாக்டீரியாவைப் பற்றியவை. கார்பாபெனம் என்னும் வலிமைமிக்க மருந்து வகைக்கும் அடங்காத பாக்டீரியா பரவிய பிறகு அக்கணக்கு மாறியது. இத்தாலியின் பலெர்மோ நகர மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் மிகவும் பயனுடையது. 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 170 கொடையாளர்களுள் 18 பேரிடம் கார்பாபெனத்துக்கு அடங்காத பாக்டீரியா இருந்தது. மாற்றுச் சிகிச்சையின்போது இது எவருக்கும் தெரியாது. அவர்களிடமிருந்து உறுப்புப் பெற்றவர்கள் 30 பேர். அவர்களுள் 14 பேருக்கு இடர் மிகுதி. அதாவது கொடையாளரின் குருதியிலோ பெறப்பட்ட அதே உறுப்பிலோ பாக்டீரியா இருந்தது. அந்த 14 பேரில் 4 பேருக்குத் தொற்று கடந்தது உறுதியாயிற்று.

இங்குக் கருதத்தக்கது, அந்நால்வருக்கும் ஏனைய பதின்மருக்கும் இடையிலான வேறுபாடு. நால்வர் தொடர்பிலும் கொடையாளரின் தொற்று கண்டறியப்படாமலோ, குறைத்து மதிப்பிடப்பட்டோ, பெறுநரின் மருத்துவருக்குத் தெரிவிக்கப்படாமலோ இருந்தது. அதனால் மருந்து காலந்தாழ்ந்தும், குறைந்த நாள்களும், பொருத்தமின்றியும் கொடுக்கப்பட்டது. உரிய மருந்தை உடனடியாகப் பெற்று 7 நாள்களேனும் தொடர்ந்தவர்களுக்கு, இடர் மிகுந்த பிரிவில் இருந்தும், தொற்று கடக்கவில்லை. ஒரே வகைப் பாக்டீரியா, ஒரே வகை அறுவை. செய்தி சேர்ந்த இடத்தில் பெறுநர் தப்பினார்.

அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை பதிவான 56 கொடையாளர்வழித் தொற்று நிகழ்வுகளை மீளாய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வும் இதனை வேறு வழியில் காட்டுகிறது. அவற்றுள் 18 நிகழ்வுகளில் தகவல் பரிமாற்றத்தில் இடைவெளி இருந்தது. அந்த 18இல் 12 நிகழ்வுகளில் பெறுநர்களுக்குத் தீங்கு நேர்ந்தது. சோதனைச் சாலையில் முடிவு இருந்தது. அது கொடையாளர் இருந்த மருத்துவமனைக்கு வந்தது. அங்கிருந்து புறப்படவில்லை, அல்லது புறப்பட்டும் உரியவரை அடையவில்லை. மருத்துவம் தோற்ற இடங்கள் என்று இவற்றைக் கூறுவதைவிட, தொலைபேசி அழைப்பு ஒன்று நிகழாத இடங்கள் என்று கூறுவதே பொருந்தும்.

இந்தியச் சூழலில் கூடும் சுமை

இந்தியாவில் உறுப்பு மாற்று 1994ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 2011இல் செய்யப்பட்ட திருத்தத்தாலும், 2014ஆம் ஆண்டு விதிகளாலும் நெறிப்படுத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் அரசின் ஒருங்கிணைப்பில் மூளைச்சாவுக் கொடைத் திட்டம் நடைபெற்று வருகிறது. ஒரே கொடையாளரின் உறுப்புகள் வெவ்வேறு நகரங்களில் உள்ள அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. பகிர்வின் நேர்மைக்கு இது இன்றியமையாதது. ஆனால் ஓர் உடலில் இருந்த பாக்டீரியா பற்றிய செய்தியும் அத்தனை திசைகளில் பயணப்பட வேண்டும் என்பது இதன் மறுபக்கம்.

என்.டி.எம்.-1 என்னும் நொதி கார்பாபெனம் மருந்துகளைச் சிதைக்கும் ஆற்றலுடையது. இந்நொதியுடைய பாக்டீரியா இந்தியாவில் பரவியிருப்பதை 2010இல் உலகிற்கு அறிவித்த ஆய்வுக்கட்டுரையின் முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. ஊரின் பெயரை நொதிக்குச் சூட்டியது பற்றி அந்நாளில் எழுந்த அரசியல் விவாதம் ஆய்வின் பொருளை ஓரளவு மறைத்துவிட்டது என்றே தோன்றுகிறது. 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் மருந்தெதிர்ப்பைக் கட்டுப்படுத்த நாடு தழுவிய வழிமுறையை முன்வைத்தது. இன்று பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கிளெப்சியெல்லாவின் பெரும்பங்கும், அசினிட்டோபாக்டரின் மிகப் பெரும்பங்கும் கார்பாபெனத்துக்கு அடங்குவதில்லை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. கொடையாளர்கள் வருவது இதே பிரிவுகளிலிருந்துதான்.

இதன் விளைவு மருந்துத் தேர்வில் வெளிப்படுகிறது. மேலைநாடுகளில் கே.பி.சி. என்னும் நொதி மிகுதி. அதற்கு எதிராக செஃப்டாசிடிம்–அவிபாக்டம் என்னும் கூட்டு மருந்து நன்கு வேலை செய்கிறது. என்.டி.எம். நொதிக்கு எதிராக அக்கூட்டு தனியே பயன்படாது. அதனுடன் அஸ்ட்ரியோனம் என்னும் மற்றொரு மருந்தையும் சேர்க்க வேண்டும். ஆகவே ‘கார்பாபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா’ என்னும் செய்தி இந்திய மருத்துவருக்குப் பாதிச் செய்தியே. எந்த நொதி என்பதும் தெரிய வேண்டும். பழைய மருந்தான கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. டாக்ரோலிமசும் அத்தகையதே. நேற்றுப் பொருத்தப்பட்ட சிறுநீரகத்தைக் காக்க, அதனையே சிதைக்கக்கூடிய இரு மருந்துகளை ஒருசேரக் கொடுக்க நேர்வது எளிய முடிவன்று. அதனுடன் புதிய மருந்துகளின் விலையையும் சேர்த்துப் பார்த்தால், ஏழைப் பெறுநரின் குடும்பத்திற்கு இது எத்தகைய சுமை என்பது விளங்கும்.

எனினும் இந்தியச் சட்டம் தந்துள்ள ஒரு வாய்ப்பு போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மூளைச்சாவை உறுதிசெய்ய இரு சோதனைகள் தேவை. அவற்றுக்கிடையே குறைந்தது 6 மணி நேரம் கழிய வேண்டும். அதன்பின் குடும்பத்தாரின் இசைவு, விபத்து வழக்காயின் காவல்துறை நடைமுறைகள், பெறுநர்களை அழைத்தல் என மேலும் பல மணி நேரம் செல்கிறது. முதல் சோதனையின்போதே குருதி, சிறுநீர், மூச்சுக்குழாய்ச் சளி ஆகியவற்றை வளர்ப்புக்கு அனுப்பினால், உறுப்பை எடுக்கும் வேளையில் அரைநாள் வளர்ச்சி கைவசம் இருக்கும். கார்பாபெனத்தைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுவை மலக்குடல் மாதிரியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கண்டறியும் மூலக்கூற்றுச் சோதனைகளும் இன்று உள்ளன. இரண்டாவது மூளைச்சாவுச் சோதனை தொடங்கும் முன்னரே அம்முடிவு கிடைக்கக்கூடும். இசைவு பெறும் முன்னரே கொடைக்கான சோதனை செய்யலாமா என்னும் அறவினா எழக்கூடும். தீவிர சிகிச்சையில் உள்ள எந்த நோயாளிக்கும் தொற்றைத் தேடி இம்மாதிரிகளை எடுப்பது அவருடைய சொந்தச் சிகிச்சையின் பகுதியே. ஆகவே அதனைக் கொடைக்கான தயாரிப்பு என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை.

முடிவு தெரிந்தால் உறுப்பைக் கைவிட வேண்டும் என்பதில்லை. பலெர்மோ காட்டுவது அதன் எதிர்நிலையையே. மலக்குடலில் மட்டும் குடியேறிய பாக்டீரியா சிறுநீரகத்தை ஏற்கத் தடையாகாது. பெறுநருக்குத் தொற்று தோன்றினால் முதலில் எந்த மருந்தைத் தொடங்குவது என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. குருதியிலேயே அப்பாக்டீரியா இருந்தால் எடைபோடுதல் உறுப்பைப் பொறுத்தது. சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர் டயாலிசிசின் துணையால் அடுத்த வாய்ப்பு வரை வாழ இயலும். அவருக்காக அவ்வுறுப்பை மறுப்பது அறிவுடைமை. சில நாள்களே உயிர்தாங்கும் இதயநோயாளிக்கோ கல்லீரல் முற்றிலும் செயலிழந்தவருக்கோ அத்தகைய காத்திருப்பு இல்லை. ஒரே கொடையாளர், ஒரே பாக்டீரியா. இருவருக்கும் இருவேறு விடை சரியாக இருக்கலாம்.

வளர்ப்பில் சிக்காதவை

வழக்கமான வளர்ப்புச் சோதனையில் வளராத பாக்டீரியாவும் உள. நுரையீரல் மாற்றுக்குப் பின் சிலருக்குக் குருதியில் அம்மோனியா கட்டின்றி உயர்ந்து, மூளை வீங்கி, மயக்கநிலையில் இறப்பு நேர்ந்தது நெடுங்காலம் புதிராக இருந்தது. கல்லீரல் நன்றாக இருக்கும்போது அம்மோனியா எங்கிருந்து வருகிறது? யூரியாபிளாஸ்மா என்னும் நுண்ணிய பாக்டீரியாவே காரணம் என்பதை 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினர். யூரியாவைச் சிதைத்து ஆற்றல் பெறுவது அதன் இயல்பு. அச்சிதைவில் வெளிப்படுவது அம்மோனியா. சிறுநீர்ப் பிறப்புறுப்புப் பாதையில் பலரிடம் கேடின்றித் தங்கும் இது, கொடையாளரின் மூச்சுக்குழாயில் இருந்து நுரையீரலோடு வருவதும் பின்னர் உறுதிப்பட்டது. இதற்குச் செல்சுவர் இல்லை. பெனிசிலின் வழிவந்த மருந்துகள் அனைத்தும் செல்சுவரைத் தாக்குபவை. எனவே மாற்றுச் சிகிச்சையின்போது தவறாமல் கொடுக்கப்படும் அவ்வகை மருந்துகள் இதனிடம் செயலற்றுப்போகின்றன. அம்மோனியாவை அளந்து பார்க்கும் எண்ணம் மருத்துவருக்குத் தோன்றுவதும், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளை உடன் தொடங்குவதும் உயிரைக் காக்கின்றன.

காசநோய் இதற்கு நேர்மாறான வேகமுடையது. யூரியாபிளாஸ்மா நாள்கணக்கில் கொல்லும். காசநோய்ப் பாக்டீரியா மாதக்கணக்கில் உறங்கும். வளர்ப்பில் அது தென்படவே வாரங்கள் ஆகும். கொடையாளரின் நுரையீரலில் பழைய தழும்பு ஒன்று படத்தில் தெரிந்தால் அது என்றோ ஆறிய காசநோயாக இருக்கலாம். காசநோய் மிகுந்த நம் நாட்டில் அத்தகைய ஒவ்வொரு கொடையாளரையும் விலக்குவது நடைமுறைக்கு ஒவ்வாது. பெறுநரின் கோப்பில் அச்செய்தி எழுதப்பட்டு, பல மாதங்களுக்குப் பிறகு அவருக்குக் காரணமற்ற காய்ச்சல் வரும்போது அது நினைவுக்கு வர வேண்டும் என்பதே தேவை. 2021இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் எலும்பிலிருந்து செய்யப்பட்ட திசுப்பொருள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு அறுவையில் வைக்கப்பட்டு, அவர்களுள் பலருக்குக் காசநோய் தோன்றியது. எலும்பு உறுப்பன்று, திசு. அதற்கு மணிக்கணக்கான அவசரமும் இல்லை. அவசரமற்ற கொடையிலேயே இது நேர்ந்தது என்பது எண்ணத்தக்கது.

செய்தியின் பாதை

கொடையாளர் இருந்த மருத்துவமனையின் நோக்கில், உறுப்புகள் எடுக்கப்பட்டு உடல் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டதும் அந்நோயாளியின் கோப்பு மூடப்படுகிறது. மூன்றாம் நாள் வரும் வளர்ப்பு முடிவு, அங்கு இல்லாத ஒருவரின் பெயரில் வந்து சேர்கிறது. அதனைத் திறந்து பார்க்கும் கடமை எவருக்கு? இவ்வினாவுக்குப் பதவிப் பெயரோடு கூடிய விடை ஒவ்வொரு மருத்துவமனையிலும் எழுத்தில் இருக்க வேண்டும். மாற்று ஒருங்கிணைப்பாளரே இதற்கு இயல்பாகப் பொருந்துபவர். இறுதி முடிவு வரும்வரை கோப்பை அவர் மூடாமல் வைத்திருக்க வேண்டும். அனுப்பும் செய்தியில் பாக்டீரியாவின் பெயர், அது வளர்ந்த மாதிரி, அடங்கும் மருந்துகள், கொடையாளருக்கு என்ன மருந்து எத்தனை நாள் கொடுக்கப்பட்டது ஆகியவை இடம்பெற வேண்டும். செய்தியைப் பெற்றவர் அதனைப் படித்ததாக மறுமொழி தரும்வரை அது சேர்ந்ததாகக் கொள்ளலாகாது.

எதிர்த்திசையிலும் செய்தி ஓட வேண்டும். ஒரு நகரில் கல்லீரல் பெற்றவருக்கு அறுவைக்குப் பின் முதல் மாதத்துக்குள் எதிர்பாராத பாக்டீரியா தோன்றினால், வேறு நகரில் சிறுநீரகம் பெற்றவரின் மருத்துவர் அன்றே அதனை அறிய வேண்டும். இரு பெறுநரிடமும் வளர்ந்த பாக்டீரியா ஒன்றே என்பதை மரபணுத் தொகுதியை ஒப்பிட்டு உறுதிசெய்யலாம். ஆனால் அதற்கு வாரங்கள் ஆகலாம். மருந்தைத் தொடங்க ஐயமே போதும். உறுதிப்பாட்டுக்குக் காத்திருத்தல் ஆகாது.

இறுதியாக, பெறுநருக்கு என்ன சொல்வது என்பது மொழி சார்ந்த பணியும் ஆகும். இசைவுப் படிவங்களில் ‘தொற்று ஏற்பட வாய்ப்புண்டு’ என்னும் பொதுத்தொடர் எதையும் விளக்குவதில்லை. ‘உங்களுக்கு உறுப்பளித்தவரின் சோதனை முடிவுகளுள் சில, அறுவைக்குப் பின்னரே வரும். அவற்றில் பாக்டீரியா காணப்பட்டால் உங்களுக்குச் சொல்லி, அதற்குரிய மருந்தைத் தொடங்குவோம். காய்ச்சல், அறுவை இடத்தில் திடீர் வலி, குழப்பம் ஆகியவை தோன்றினால் எந்நேரமாயினும் இந்த எண்ணில் அழையுங்கள்’ என்று எளிய தமிழில் எழுதி, உறவினர் ஒருவர் உடனிருக்க உரக்கப் படித்துக் காட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அவ்வெண் இரவிலும் எடுக்கப்படும் எண்ணாக இருத்தல் வேண்டும்.